நெருக்கடி நேரத்துப் பேச்சை யார் யாரெல்லாம் கேட்கிறார்கள்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: போர், பொருளாதாரத் தடை, தொற்றுநோய் என்று உலகம் கலங்கி நிற்கும்போது ஜனாதிபதிகள் டிவியில் வந்து பேசுகிறார்கள், வீட்டில் பெரியவர்கள் ‘எல்லாம் வாய்ப்பேச்சு’ என்று அணைத்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சுகளால் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா, நடக்கிறது என்றால் ஒரு பேச்சு நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

நடக்கிறது தம்பி. நம் டர்பனிலேயே நடந்திருக்கிறது. 1985 ஆகஸ்ட் 15 அன்று டர்பன் நகர மண்டபத்தில், நிறவெறி ஆட்சியின் ஜனாதிபதியாக இருந்த பி.டபிள்யூ. போத்தா பேசினார். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் நம் நாணயமான ராண்டின் மதிப்பு சரிந்தது, ஜொகன்னஸ்பர்க் பங்குச் சந்தையைச் சில நாள் மூடிவைத்தார்கள், வெளிநாட்டுக் கடனின் அசலைக் கட்டுவதை நிறுத்திவைக்கிறோம் என்று செப்டம்பர் 1-ஆம் தேதி அரசாங்கமே அறிவித்தது. பேச்சு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஜூலையிலேயே 36 மாவட்டங்களில் அவசரநிலை வந்துவிட்டது, அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க மாட்டோம் என்று முடிவெடுத்துவிட்டது. ஆனால் தயங்கிக்கொண்டிருந்த மற்றவர்களையும் கதவைச் சாத்த வைத்தது அந்தப் பேச்சுதான்.

சாட்ஸ்வொர்த்தில் பல வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான், வகுப்பில் இந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது, இங்கேயும் அப்படித்தான் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச நெருக்கடியில் ஒரு தலைவர் வாயைத் திறந்தால் ஒரே நேரத்தில் பல பேர் கேட்கிறார்கள். சொந்த மக்கள் கேட்கிறார்கள், எதிராளி கேட்கிறார், இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிற்கும் நாடுகள் கேட்கின்றன, பணத்தைப் போட்டுவைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். இவர்களில் ஒருவருக்கு இனிக்கும் வாக்கியம் இன்னொருவருக்கு மிரட்டலாகக் கேட்கும். பேசுகிறவர் இத்தனை பேரையும் மனதில் வைத்துப் பேசினாரா, அதைவிட முக்கியமாக, மறுநாள் காலையில் எதிராளி மானம் கெடாமல் செய்யக்கூடிய ஒரு காரியத்தையாவது விட்டுவைத்தாரா, இதைத்தான் நான் பார்ப்பேன். குரல் கம்பீரம், கைதட்டல், மேற்கோள் அழகு எல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

போத்தாவின் பேச்சு இந்தக் கணக்கில் அப்பட்டமாகத் தோற்றது. அன்று அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது நேஷனல் கட்சியின் நடால் மாநாட்டுப் பிரதிநிதிகள், அதாவது அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். ஆனால் மண்டபத்தில் வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் கேமராக்களும் நின்றன, பல நாடுகளில் நேரடியாகவே ஒளிபரப்பானது. ஏன் அவ்வளவு எதிர்பார்ப்பு? ஒரு வாரத்துக்கு முன்னால் வெளியுறவு அமைச்சர் பிக் போத்தா வியன்னாவில் அமெரிக்க, ஐரோப்பிய அதிகாரிகளைச் சந்தித்து, பெரிய மாற்றம் வரப்போகிறது என்ற நம்பிக்கையை ஊட்டியிருந்தார். மண்டேலா விடுதலை, கறுப்பின மக்களோடு அதிகாரப் பகிர்வு என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின. பேச்சுக்கான குறிப்புகளும் அந்த வழியில்தான் தயாராகியிருந்தன, போத்தா அதை ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் போக்கில் பேசினார். ரூபிகான் ஆற்றைக் கடக்கிறோம், இனித் திரும்பிப் போக முடியாது என்று ஒரு வரி வருகிறது, அதனால்தான் அதை ரூபிகான் பேச்சு என்கிறார்கள். ஆனால் எதைக் கடக்கிறார், எந்தக் கரைக்குப் போகிறார் என்று பேச்சு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அதற்குப் பதிலாக, விரலை நீட்டி, எங்களை அளவுக்கு மீறி நெருக்காதீர்கள் என்று உலகத்தைப் பார்த்து எச்சரித்தார். மாநாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். நியூயார்க்கில் கடன் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

அந்தப் பேச்சில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது, நம்மவர்கள் யாரும் அதிகம் பேசாதது. வெள்ளைத் தென்னாப்பிரிக்கர்களையும் மற்றச் சிறுபான்மைக் குழுக்களையும் பதவி துறப்புக்கும் தற்கொலைக்கும் போகும் பாதையில் அழைத்துச் செல்ல நான் தயாரில்லை என்றார். ‘மற்றச் சிறுபான்மைக் குழுக்கள்’ என்றால் யார்? நாம்தான். நம்மைக் கேட்காமலே நம் பெயரிலும் பேசிவிட்டார். முந்தின வருஷம் ஆகஸ்டில் வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று தனித்தனி அவை வைத்த முச்சபைப் பாராளுமன்றத்துக்கான இந்தியர் சபைத் தேர்தல் நடந்தபோது, பதிவு செய்திருந்த இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டுப் போட்டார்கள், மற்றவர்கள் வீட்டிலேயே இருந்து பதில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதில் போத்தாவின் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. அதோடு அந்த இரவுக்கு முந்தின இரண்டு வாரத்தை யோசித்துப் பாருங்கள்: ஆகஸ்ட் 1 அன்று நிறவெறியை எதிர்த்துப் போராடிய வழக்கறிஞர் விக்டோரியா ம்க்ஸெங்கே உம்லாசியில் தன் வீட்டு வாசலில் கொல்லப்பட்டார், டர்பனைச் சுற்றிக் கலவரம் மூண்டது, இனாண்டாவிலிருந்து இந்தியக் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தன, காந்தியின் ஃபீனிக்ஸ் ஆசிரமம் எரிந்தது. சாம்பல் இன்னும் ஆறாத ஊரில் நின்று பேசுகிறவருக்கு, அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல ஆறுதலாக ஒரு சொல் கூட இல்லை. இனாண்டாவில் வீடு இழந்தவர்களும் சரி, உம்லாசியில் துக்கத்தில் இருந்தவர்களும் சரி, அவருடைய கேட்பவர் கணக்கிலேயே இல்லை.

சரி, இதற்கு எதிர்ப்பக்கம் என்று பாடப்புத்தகங்கள் எப்போதும் காட்டுவது கென்னடியை. 1962 அக்டோபர் 22 மாலை, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்க மக்களுக்குச் சொன்ன பேச்சு. மிரட்டல் அதிலும் இருக்கிறது, கடுமையாகவே இருக்கிறது: கியூபாவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பினாலும் அது சோவியத் யூனியனே தாக்கியதாக எடுத்துக்கொண்டு முழுப் பதிலடி கொடுப்போம் என்கிறார். ஆனால் அதே பேச்சில் சோவியத் தலைவர் குருஷ்சேவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உலகத்தை அழிவின் விளிம்பிலிருந்து பின்னால் நகர்த்த இப்போது அவருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றும் சொல்கிறார். கியூப மக்களுக்கு என்றே தனியாகச் சில வரிகள் இருக்கின்றன. முதல் நடவடிக்கையாகக் குண்டு போடாமல் கடல் வழியைத் தடுப்பதோடு நிறுத்திக்கொண்டதால், கப்பல்களைத் திருப்பிக்கொண்டு போக மாஸ்கோவுக்கு வழி இருந்தது. குண்டுவீச்சு என்று முடிவானால் படிப்பதற்கு இன்னொரு பேச்சும் எழுதப்பட்டிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம், கையில் இருந்த இரண்டில் எதைப் படிக்கிறார் என்பதே அங்கே கொள்கை முடிவு.

ஆனால் கென்னடியைப் பற்றி முழுக்கதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பேச்சுதான் உலகத்தைக் காப்பாற்றியது என்று நினைத்துவிடுவீர்கள். ஏவுகணைகளைத் திருப்பி எடுக்கிறோம் என்று அக்டோபர் 28 அன்று மாஸ்கோ வானொலியில் அறிவித்தார்கள், அதற்குப் பின்னால் துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுவோம் என்ற ரகசிய வாக்குறுதி இருந்தது. அது பல வருஷம் வெளியே வரவில்லை. மேடையில் உறுதியும் அறைக்குள் விட்டுக்கொடுப்பும் என்று இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன. டிவியில் நாம் பார்ப்பது பாதிதான், மீதிப் பாதிக்கு அந்தப் பேச்சு இடம் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம்மால் முடிந்தது.

இடம் விடாத பேச்சுக்கு உதாரணம் 2002 ஜனவரி 29. ஈராக், ஈரான், வட கொரியா மூன்றையும் தீமையின் அச்சு என்று ஒரே கயிற்றில் கட்டினார் ஜார்ஜ் புஷ். சில வாரங்களுக்கு முன்னால்தான், ஆப்கானிஸ்தானுக்குப் புது அரசாங்கம் அமைக்க பான் நகரில் நடந்த பேச்சுவார்த்தையில் ஈரான் பிரதிநிதிகள் அமெரிக்கர்களோடு ஒத்துழைத்திருந்தார்கள். டெஹ்ரானில் அமெரிக்காவோடு பேசலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு வரிக்கு அப்புறம் தங்கள் நாட்டிலேயே தலைகாட்ட முடியாமல் போனது. வாஷிங்டனில் எழுந்து நின்று கைதட்டியவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

இப்போது நம் ஆட்கள் நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்று. 1946. இந்தியர்கள் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டத்தைப் பிரதமர் ஸ்மட்ஸின் அரசாங்கம் கொண்டுவந்தது, நம் தாத்தா பாட்டிகள் அதை கெட்டோ சட்டம் என்றார்கள். ஜூன் 13 அன்று டர்பனில் அம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில் கூடாரம் போட்டு சத்தியாகிரகம் தொடங்கினார்கள், முன்னால் நின்றவர் டாக்டர் மான்ட்டி நாயக்கர். இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை நிறுத்தியது, விவகாரத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு பக்கம் ஸ்மட்ஸ், இன்னொரு பக்கம் இந்தியாவின் சார்பில் விஜயலட்சுமி பண்டிட். ஸ்மட்ஸ் சாதாரண ஆள் இல்லை, ஐ.நா. சாசனத்தின் முன்னுரையை, அடிப்படை மனித உரிமைகளில் நம்பிக்கை என்று பேசுகிற அந்த முன்னுரையை, வரைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மனிதர் ஒரு வருஷம் கழித்து அதே ஐ.நா. சபையில் நின்று, இது எங்கள் உள்நாட்டு விவகாரம், சாசனத்தின் இரண்டாம் விதி ஏழாம் பிரிவுப்படி நீங்கள் தலையிட முடியாது, வேண்டுமானால் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேளுங்கள் என்றார். சட்டப்படி அது பலவீனமான வாதம் ஒன்றும் இல்லை. பண்டிட் சட்டத்தை விடவில்லை, ஆனால் அவர் குறி வைத்தது சபையில் உட்கார்ந்திருந்தவர்களின் மனச்சாட்சியை. போர் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, இன வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். டிசம்பர் 8 அன்று வாக்கெடுப்பு: ஆதரவாக 32, எதிராக 15, ஒதுங்கி நின்றவை 7. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது, மயிரிழையில் கிடைத்தது. நம் சார்பில் போன எச்.ஏ. நாயுடுவும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் டாக்டர் க்ஸுமாவும் நியூயார்க்கில் இருந்தார்கள், அந்தப் பேச்சுக்கு வேண்டிய தகவலும் உயிரும் டர்பன் தெருவிலிருந்துதான் போயின. நம் பிள்ளைகளுக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் இன்னும் விரிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அன்று பிரச்சினையைச் சபையிலிருந்து நகர்த்த சர்வதேச நீதிமன்றத்தின் பெயரைச் சொன்ன அதே நாடு, 2023 டிசம்பர் 29 அன்று தானே அந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. காசா விவகாரத்தில் இஸ்ரேல் மீது இனப்படுகொலை ஒப்பந்தத்தின் கீழ் வழக்கு. உங்கள் கேள்விக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. வழக்கறிஞர் டெம்பெக்கா ங்குகைட்டோபி ஹேகில் அடுக்கிக் காட்டியதெல்லாம் தலைவர்களின் பேச்சுகள்தான்: அக்டோபர் 9 அன்று முழு முற்றுகை, மனித மிருகங்களோடு சண்டை போடுகிறோம் என்று இஸ்ரேலின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் யோவ் கேலன்ட் சொன்னது, நெதன்யாகு, பைபிளில் முற்றாக அழிக்கச் சொல்லப்பட்ட அமலேக்கியரை நினைவுபடுத்திப் பேசியது. கோபத்தில் வந்த வார்த்தைகளைச் சூழலிலிருந்து பிய்த்து எடுக்கிறீர்கள், எங்கள் கொள்கையைப் போர் அமைச்சரவையின் முடிவுகளில் பாருங்கள் என்று இஸ்ரேல் தரப்பு மறுத்தது. 2024 ஜனவரி 26 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டபோது கேலன்ட் உட்படச் சிலருடைய வாக்கியங்களை உத்தரவுக்குள்ளேயே எடுத்து எழுதியது. இனப்படுகொலை நடந்ததா என்ற தீர்ப்பு அது இல்லை, அது வேறு கட்டம். ஆனால் ஒன்று உறுதியாகிவிட்டது, மேலே நான் சொன்ன பட்டியலில் இன்னொரு ஆளைச் சேர்க்க வேண்டும்: என்றோ ஒருநாள் எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்கப்போகும் நீதிபதி. உள்நாட்டு ஆவேசத்துக்காகச் சொன்ன ஒரு வரி அங்கே சாட்சியாக வந்து நிற்கிறது. அதனால் வாய்ப்பேச்சு என்று வீட்டில் சொல்கிறவர்களிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

நம் அரசாங்கத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் நியாயம் இல்லை. உக்ரைன் விஷயத்தில் பிரிட்டோரியா பேசிய விதம் எனக்கு வருத்தம்தான். 2022 பிப்ரவரி 24, படையெடுப்பு நடந்த அன்றே, ரஷ்யா உடனே படைகளை விலக்க வேண்டும் என்று வெளியுறவுத் துறை அறிக்கை விட்டது. மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் கண்டனத் தீர்மானத்தை ஆதரித்தபோது நாம் ஒதுங்கி நின்றோம். மார்ச் 17 அன்று பாராளுமன்றத்தில் ஜனாதிபதி ராமபோசா, நேட்டோ தன் தலைவர்களின் எச்சரிக்கையைக் கேட்டிருந்தால் போரைத் தவிர்த்திருக்கலாம் என்றார், படைபலத்தைப் பயன்படுத்துவதை ஏற்கவில்லை என்றும் கூடவே சொன்னார். மூன்று வாரத்தில் மூன்று குரல். நடுநிலையில் நின்று சமரசம் பேச வேண்டும் என்பது மதிக்கத்தக்க நிலைதான், 2023 ஜூனில் ஆப்பிரிக்கத் தலைவர்களோடு கீவ் போய், மறுநாளே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ப் பேசவும் செய்தார். ஆனால் காசாவைப் பற்றிச் சொல்லும்போது வந்த அந்தத் தெளிவு, பறிகொடுத்த வலி எங்களுக்குத் தெரியும் என்ற அந்தக் குரல், குண்டு விழுந்த உக்ரைன் ஊர்க்காரருக்கு நம்மிடமிருந்து கிடைக்கவில்லை. அதே வாரங்களில் ஆப்பிரிக்காவின் குரலாக எனக்குப் பட்டது கென்யாவின் ஐ.நா. தூதர் மார்ட்டின் கிமானி பேசியதுதான். பிப்ரவரி 21 இரவு, இன்னும் படையெடுப்பு தொடங்கவில்லை, பாதுகாப்புச் சபையில் அவர் சொன்னது: எங்கள் எல்லைகளை நாங்கள் வரையவில்லை, தூரத்துத் தலைநகரங்களில் வரைந்தார்கள், ஆனாலும் பழைய வரைபடத்தைத் தேடி ரத்தம் சிந்தாமல் அந்த எல்லைகளோடு வாழ முடிவெடுத்தோம். மாஸ்கோவை வசைபாடவில்லை. வலிமையான நாடுகள் எல்லாமே சர்வதேசச் சட்டத்தை மீறும் போக்கையும் கண்டித்தார், அது மேற்கு நாடுகளுக்கும் சேர்த்துத்தான். இந்தப் பேச்சைத் தேடிப் பாருங்கள், சில நிமிஷம்தான் வரும்.

ராமபோசா நன்றாகச் செய்தது என்று நான் நினைப்பது 2025 மே 21, வெள்ளை மாளிகையில். டிரம்ப் விளக்கைக் குறைக்கச் சொல்லி வீடியோ போட்டுக் காட்டினார், வெள்ளை விவசாயிகள் இனப்படுகொலை செய்யப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. கோபப்பட்டு எழுந்திருந்தால் ஊரில் கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் அமைதியாக உட்கார்ந்தார், கூட வந்திருந்த கோல்ஃப் வீரர்கள் எர்னி எல்ஸ், ரெட்டீஃப் கூசன், தொழிலதிபர் யோஹான் ரூப்பர்ட், வேறு கட்சிக்காரரான விவசாய அமைச்சர் ஜான் ஸ்டீன்ஹைசன் ஆகியோரைப் பேச விட்டார். எதிரே இருப்பவர் யார் சொன்னால் கேட்பார் என்று பார்த்து, அவர்கள் வாயால் சொல்ல வைப்பதும் பேச்சுக் கலையில் ஒரு பகுதிதான். அன்று மண்டியிட்டுவிட்டார் என்று திட்டியவர்களும் உண்டு, நான் அப்படிப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு உள்நாட்டு நெருக்கடிப் பேச்சையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேட்பவர்களை எண்ணிப் பேசுவதில் இதற்கு ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை. 1993 ஏப்ரல் 10 அன்று தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் கிறிஸ் ஹானி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு எரிந்துவிடும் நிலை. ஜனாதிபதி டி கிளார்க், ஆனால் 13-ஆம் தேதி தேசியத் தொலைக்காட்சியில் மக்கள் எதிர்பார்த்துக் கேட்டது அரசாங்கத்தில் எந்தப் பதவியும் இல்லாத மண்டேலாவை. வெறுப்பு நிறைந்த ஒரு வெள்ளைக்காரர் இந்தக் கொடுமையைச் செய்தார், ஆஃப்ரிக்கானர் வழி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் உயிரைப் பணயம் வைத்து அந்தக் கொலைகாரனைப் பிடிக்க உதவினார் என்று அடுத்தடுத்து இரண்டு வாக்கியம். கோபத்தில் இருந்த இளைஞர்களுக்கு முதல் வாக்கியம், நடந்ததை மூடி மறைக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பயத்தில் இருந்த வெள்ளையர்களுக்கு இரண்டாவது, உங்களில் ஒருவர் சரியான பக்கம் நின்றிருக்கிறார், நீங்களும் நிற்கலாம் என்று. போத்தா நம் பெயரைச் சொல்லி நம்மை ஒதுக்கிய பேச்சையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

நீங்கள் எப்படிச் செய்து பார்ப்பது என்று கேட்டால், ஒளிப்பதிவைப் பார்க்கும் முன் எழுத்து வடிவத்தை எடுங்கள், குரலும் முகமும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். ரூபிகான் பேச்சு நெல்சன் மண்டேலா அறக்கட்டளையின் ஓ’மாலி ஆவணத் தொகுப்பில் முழுசாக இருக்கிறது. ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில், இது யாருக்குச் சொன்னது என்று பென்சிலில் எழுதுங்கள், யாருடைய பெயர் ஒரு தடவை கூட வரவில்லை என்று தனியாகக் குறியுங்கள். பேசுகிறவர் இனிப் பின்வாங்கவே முடியாதபடி தன்னைக் கட்டிப்போடும் வாக்கியங்களுக்கு அடிக்கோடு போடுங்கள், நல்ல பேச்சில் அவை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அப்புறம் அடுத்த இரண்டு வாரத்துச் செய்தித்தாள்களை எடுத்து யார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள், அது இல்லாமல் பேச்சை எடைபோட முடியாது. முதலில் 1985-ஐயும் 1993-ஐயும் செய்துவிட்டு வாருங்கள், ஸ்மட்ஸையும் பண்டிட்டையும் அடுத்து எடுக்கலாம், சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள்.